சிறு விளக்கும் அதன் காவலும்

வானொலிப் பெட்டியின் முகப்பிலும், மின்னேற்றும் கருவிகளின் மூலையிலும் மிளகளவான ஒரு விளக்கு ஒளிர்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கருவிக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று அறிவிப்பதே அதன் தொழில். தம் கையாலேயே மின்கருவி செய்து பார்க்க விழையும் மாணவர் முதலில் பொருத்த விரும்புவது இவ்விளக்கையே. அவர்கள் முதலில் கருக்கிவிடுவதும் பெரும்பாலும் இதனையே. அதன் காரணத்தை ஆராய்வோம்.

பழைய கைவிளக்கின் குமிழினுள் இருந்தது மெல்லிய டங்ஸ்டன் இழை. இழை சூடேறச் சூடேற அதன் மின்தடையும் பன்மடங்கு உயரும். ஆதலின் மின்னோட்டம் அளவிறந்து பெருகாது. உரிய பாட்டரியோடு நேரே இணைத்தாலும் குமிழ் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

இக்காலக் காட்டி விளக்கின் இயல்பு வேறு. இதனை ஒளி உமிழும் டையோடு என்பர். 1962 ஆம் ஆண்டில் நிக் ஹோலோன்யாக் என்னும் அமெரிக்க அறிஞர், கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியை இத்தகைய டையோடிலிருந்து தோற்றுவித்துக் காட்டினார். இதனுள் இழை இல்லை. குறைகடத்தித் துணுக்கு ஒன்றே உண்டு. சிவப்பு விளக்காயின் ஏறத்தாழ 2 வோல்ட்டும், நீலமோ வெள்ளையோ ஆயின் ஏறத்தாழ 3 வோல்ட்டும் கிடைக்கும் வரை அது உறங்கிக் கிடக்கும். அவ்வெல்லையைத் தாண்டி அழுத்தம் சிறிதே கூடினும், மடை திறந்தாற்போல மின்னோட்டம் பாயும். துணுக்கு சூடேறினால் மின்னோட்டம் குறைவதற்கு மாறாக மேலும் மிகும். 9 வோல்ட்டு பாட்டரியோடு இதனை நேரே இணைத்த மாணவன், ஒருகணம் பளிச்சென்ற ஒளியைக் காண்பான். பிறகு ஒன்றும் காணான்.

ஆகவே இவ்விளக்கிற்குக் காவலாக ஒரு மின்தடையைத் தொடரிணைப்பில் வைத்தல் வேண்டும். அதன் அளவை ஓம் விதியே கூறிவிடும். பாட்டரி தருவது 9 வோல்ட்டு. சிவப்பு விளக்கு கொள்வது 2 வோல்ட்டு. எஞ்சிய 7 வோல்ட்டைத் தடை ஏற்கவேண்டும். விளக்கில் 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர் ஓடினால் போதும். 7ஐ 0.015ஆல் வகுக்க, ஏறக்குறைய 467 ஓம் வரும். கடையில் கிடைப்பது 470 ஓம். மஞ்சள், ஊதா, பழுப்பு என்னும் வளையங்களால் அதனை அறியலாம். அதில் வெப்பமாகும் திறன் பத்தில் ஒரு வாட்டு அளவே ஆதலின், கால் வாட்டுத் தடை தாராளமாகத் தாங்கும். விளக்கின் நீண்ட கால் நேர்முனையை நோக்கி இருத்தல் வேண்டும்.

"பொத்தான் வடிவ மின்கலத்தில் தடையின்றியே எரிகிறதே!" என்று சிலர் வினவுவர். உண்மைதான். அச்சிறு கலத்தின் உட்தடையே அங்கே காவல் செய்கிறது. அதை நம்பிப் பெரிய பாட்டரியை நாடினால் விளக்கை இழக்க நேரும்.

இக்கணக்கைக் கற்றவுடன், "வீட்டு மின்சாரத்திற்கும் பெரிய தடையொன்று போட்டால் என்ன?" என்ற எண்ணம் எழலாம். அம்முயற்சி வேண்டவே வேண்டாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு மாறுமின்னோட்டம். அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்டு. டையோடோ எதிர்த்திசையில் 5 வோல்ட்டளவே தாங்கவல்லது. விளக்கு கருகினால் வேறு வாங்கலாம். அக்கம்பியைத் தொட்ட கைக்கு மாற்று இல்லை. தரமான மின்னேற்றி தரும் 5 வோல்ட்டைக் கொண்டு, 330 ஓம் தடையுடன் சிவப்பு விளக்கை எரித்தல் நன்று.

இன்னும் ஒன்று. விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்டு என்று கொள்ளலாம். எரியாவிடின் இல்லை என்று கொள்ளலாகாது. விளக்கே பழுதாகியிருக்கலாம், பற்றுவைப்பு விட்டிருக்கலாம். சில கருவிகளில் சுவிட்சை அணைத்த பின்னும் இவ்விளக்கு மெல்ல மெல்ல மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கி தன்னிடமுள்ள மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழப்பதே அதற்குக் காரணம். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அப்போதும் மின்தேக்கி முற்றும் வெறுமையாகி இராது.