800 கலோரிக்குள் என்ன இருக்கிறது?

தோல், தசைநாண், எலும்பு என்று இறைச்சிக்கூடத்தில் விலைபோகாமல் கழியும் மிச்சத்தைக் கரைத்துக் கூழாக்கி, நிறமும் சுவையும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால், 1970-களின் அமெரிக்காவில் அதற்குப் பெயர் 'திரவப் புரதம்'. ராபர்ட் லின் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் 1976-ல் 'தி லாஸ்ட் சான்ஸ் டயட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வேறு உணவே இல்லாமல் இந்தப் பானத்தை மட்டும் குடித்தால் எடை மளமளவென்று இறங்கும் என்றது புத்தகம். பொய்யில்லை, இறங்கியது. நாளொன்றுக்கு 300, 400 கலோரியில் மாதக்கணக்கில் கிடந்தால் இறங்காமல் என்ன செய்யும்? லட்சக்கணக்கானோர் குடித்தார்கள். அடுத்த ஆண்டே சாவுச் செய்திகள் வரத் தொடங்கின. அறுபதை ஒட்டிய மரணங்கள் பதிவாயின. அவற்றில் வேறு காரணம் சொல்ல முடியாத 17 பேரின் விவரங்களை மருத்துவர்கள் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் பெண்கள். ஈசிஜி கிடைத்தவர்களில் பலருக்கு, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் 'க்யூடி' என்று அளக்கும் இடைவெளி நீண்டிருந்தது. இதயத்தின் கீழறைத் துடிப்பு திடீரென்று தறிகெட்டுப் போய் இறந்திருந்தார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து, 2017-ல், 'லான்செட்' இதழில் 'டைரெக்ட்' ஆய்வின் முடிவு வெளிவந்தது. ராய் டெய்லர், மைக்கேல் லீன் என்ற இரு பேராசிரியர்கள் தலைமையில் ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த ஆய்வு. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த சுமார் 300 பேரில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். ஓர் ஆண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை அளவு நோய் எல்லைக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ இறக்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 86 சதவீதம். டயட்டில் இருந்தவர்களுக்கு வந்த கடுமையான உடல்நலச் சிக்கல்களில் டயட்டோடு தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டவை இரண்டே. இரண்டும் ஒரே நபருக்கு வந்தவை, பித்தப்பை வலியும் வயிற்றுவலியும்.

மருத்துவ உலகில் 'மிகக் குறைந்த கலோரி உணவு' என்றால் நாளொன்றுக்கு 800 அல்லது அதற்கும் கீழ். டைரெக்ட் அந்தக் கோட்டை ஒட்டிச் சற்று மேலே நின்றது, லின்னின் பானம் வெகு கீழே. இடைவெளி 400, 500 கலோரிதான் என்றாலும், ஒரு பக்கம் பிணவறையும் மறுபக்கம் நோய் விலகலும் வந்ததை அந்த வித்தியாசம் மட்டும் விளக்கிவிடாது. இன்று யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும் 'இருபது நாளில் பத்து கிலோ' அட்டவணைகள் டைரெக்ட்டைச் சாட்சிக்கு அழைக்கின்றன. "லண்டன்ல டாக்டர்களே 800 கலோரிதான் கொடுக்கிறாங்க" என்கிறார்கள். (ஆய்வு லண்டனில் நடக்கவில்லை, போகட்டும்.) அந்த ஆய்வில் பாதுகாப்பாக இருந்தது 800 என்ற எண் இல்லை, அதைச் சுற்றிக் கட்டியிருந்த ஏற்பாடு. எண்ணை மட்டும் உருவி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் கையில் இருப்பது வேறொரு பண்டம் என்பதே என் வாதம்.

முதலில் அந்த 800-க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உடம்பில் கொழுப்புக்குக் குதிர் உண்டு, புரதத்துக்குக் கிடையாது. உடலிலுள்ள புரதமெல்லாம் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது: தசையாக, நொதியாக, நோயெதிர்ப்பாக, இதயச் சுவராக. வெளியிலிருந்து வராவிட்டால் வேலையில் இருப்பதைக் கழற்றித்தான் உடல் சமாளிக்க வேண்டும். லின்னின் பானத்தில் புரதம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது கொலாஜன். உடலால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் அதில் இல்லை. ஒரு செங்கல் குறைந்தால் சுவர் எழும்பாது. கூடவே பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற உப்புகளும் போதவில்லை. அதே காலத்தில் பாஸ்டனில் ஜார்ஜ் பிளாக்பர்னும் புரூஸ் பிஸ்ட்ரியனும் பருமனான நோயாளிகளுக்கு இதைப்போன்ற ஒரு பட்டினியைத்தான் கொடுத்தார்கள். மெலிந்த இறைச்சி, மீன் என்று முழுப் புரதம், தாது உப்புகள், விட்டமின், தொடர் பரிசோதனை. லின் எடுத்துக்கொண்டது அந்தக் கருத்தை. விட்டுவிட்டது மீதி எல்லாவற்றையும்.

இப்போது நம் ஊர் அட்டவணை ஒன்றைத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெள்ளைப்பூசணிச் சாறு. எட்டு மணிக்கு ஒரு இட்லி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் புதினாச் சட்னி. மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல், வெள்ளரிக்காய். நாலு மணிக்கு மோர். ராத்திரி பப்பாளித் துண்டுகள். பார்க்கப் பச்சைப்பசேலென்று ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. புரதத்தைக் கூட்டுங்கள். இட்லியில் இரண்டு கிராம், சுண்டலில் எட்டோ ஒன்பதோ, மோரில் இரண்டு மூன்று, மற்றதில் தேடித்தான் எடுக்க வேண்டும். எப்படிக் கூட்டினாலும் இருபதைத் தொடாது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சாதாரண நாளிலேயே ஐம்பது கிராம் வேண்டும், கலோரியைக் குறைக்கும்போது தசையைக் காப்பாற்ற அதைவிடக் கூடுதலாக வேண்டும். டைரெக்ட்டில் கொடுத்த சூப், ஷேக் பாக்கெட்டுகளில் புரதம், விட்டமின், தாது உப்பு எல்லாம் ஒருநாள் தேவைக்கு அளந்து வைத்திருந்தார்கள். ருசி சுமார்தான். ஆனால் கணக்கு சரி. அதனால் இந்த விஷயத்தில் மட்டும், பாக்கெட் உணவு இயற்கை உணவைவிடப் பத்திரமானது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இயற்கை என்ற சொல்லுக்கு நம்மிடம் இருக்கும் மயக்கத்தில் இது காதில் ஏறுவது கடினம்.

பித்தப்பைக் கதை இன்னும் விசித்திரம். அது ஒரு சின்னப் பை. கொழுப்புள்ள உணவு குடலுக்கு வந்தால்தான் நன்றாகச் சுருங்கிப் பித்தநீரைக் கொட்டும். எண்ணெயே இல்லாத சாப்பாடு என்றால் அதற்கு வேலையில்லை. பித்தநீர் தேங்கிக் கெட்டியாகிறது. அதே வேளையில் உடல் கரைக்கும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் வந்து சேர்கிறது. குளத்தில் நீர் வெளியேறாமல் வண்டல் மட்டும் வந்தால் என்ன ஆகும்? 1995-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரம் பேருக்கு 16 வாரம் நாளொன்றுக்கு 520 கலோரி கொடுத்தார்கள். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 28 சதவீதம் பேருக்குப் பித்தக்கல் வந்தது. உர்சோடியால் என்ற மருந்தை நாளுக்கு 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 3 சதவீதம். ஆபத்து உண்மை, தடுக்கவும் முடியும். ஆனால் தடுக்க ஒருவர் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும். 'ஜீரோ ஆயில்' என்று பெருமையாகப் போட்டிருக்கும் அட்டவணையில் அந்த நினைப்புக்கு இடமில்லை.

அடுத்தது மாத்திரை. டைரெக்ட்டில் முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் அறிவுரைப்படி நிறுத்திவிட்டார்கள். அளவு ஏறினால் திரும்பத் தொடங்குவதற்கு வழிமுறை இருந்தது. இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவே இல்லை. இங்கே நடப்பது என்ன? கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவர் திங்கட்கிழமை ஜூஸ் டயட் தொடங்குகிறார், மாத்திரை அதன் பாட்டுக்கு ஓடுகிறது. சோறு இல்லாத உடம்பில் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இன்னும் தந்திரமானது. பட்டினியோடு அது சேரும்போது ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் வீட்டுக் கருவியில் சர்க்கரை ஓரளவு சரியாகவே காட்டும். மாத்திரையை அவராகவே நிறுத்தினாலும் வேறு விதத்தில் தொல்லை. எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக்கூடிய காரியம் இல்லை.

யார் சாப்பிடுகிறார்கள் என்பதும் உண்டு. உடலில் கொழுப்புக் குதிர் பெரிதாக இருப்பவருக்குப் பட்டினியில் தசை இழப்பு குறைவு, ஒல்லியாக இருப்பவருக்கு அதிகம். 1944, 45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். கொடுத்தது 1,570 கலோரியை ஒட்டி. இன்றைய அட்டவணைகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடையில் நாலில் ஒரு பங்கு போனது. கூடவே குளிர் தாங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், தட்டை நக்கிக்கொண்டு, சமையல் புத்தகங்களைச் சேகரித்து வாசித்துக்கொண்டு கிடந்தார்கள். நம்மவர் உடலமைப்பு இதில் இன்னொரு முடிச்சு. 2004-ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யூட்கினும் 'லான்செட்'டில் தங்கள் இருவரையும் காட்டும் ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. வெளிப்பார்வைக்கு ஒரே அளவாக இருந்தாலும், அதே எடைக்குள் நம்மிடம் கொழுப்பு கூட, தசை குறைவு. கல்யாணத்துக்கு முன் அறுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வர நினைக்கும் பெண்ணிடம் இழக்கக் கொடுப்பதற்குத் தசை அதிகம் இல்லை என்பதை எடை மெஷின் சொல்லாது.

எதிர்வாதங்கள் வலுவானவைதான். "விரதம் நம் மரபிலேயே இருக்கிறதே?" இருக்கிறது. ஏகாதசி ஒரு நாள், கந்த சஷ்டி ஆறு நாள், ரமலான் நோன்பு மாதம் முழுக்க என்றாலும் சூரியன் மறைந்ததும் உணவு. பன்னிரண்டு வாரம் தொடர்ந்து அரைவயிறாகக் கிடப்பதை மரபு எங்கேயும் பொதுவாக எல்லோருக்கும் விதிக்கவில்லை. "ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஓராண்டுக்கு மேல் சாப்பிடாமலே இருந்தாரே?" ஆம், ஆங்கஸ் பார்பியரி, 1965, 66-ல், 382 நாள், 207 கிலோவிலிருந்து 82-க்கு வந்தார். டண்டி நகர மருத்துவர்கள் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விட்டமினும் தேவைப்பட்டபோது பொட்டாசியமும் கொடுத்தார்கள். அதே காலத்தில் அதே சிகிச்சையில் இறந்தவர்களும் உண்டு. அவர்கள் பெயர் சாதனைப் பட்டியலில் வராது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் தலைவணங்கியே ஆக வேண்டும். "மெதுவாக இறக்கினால்தான் நிற்கும், வேகமாக இறங்கினது வேகமாக ஏறும்" என்று இத்தனை காலம் எல்லோரும் சொல்லிவந்தது ஆதாரத்தில் நிற்கவில்லை. மெல்போர்னில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் ஒரு சாரார் 12 வாரத்தில் 450 முதல் 800 கலோரியில் வேகமாக இறக்கினார்கள், மறுசாரார் 36 வாரத்தில் நிதானமாக. இலக்கைத் தொட்டவர்கள் வேகக்காரர்களில் 81 சதவீதம், நிதானக்காரர்களில் 50. பிறகு மூன்றாண்டுக்குள் இரு சாராருக்கும் இழந்ததில் சுமார் 71 சதவீதம் திரும்பிவிட்டது. ஆமையும் முயலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. எனவே பருமனும் சர்க்கரையும் சேர்ந்த ஒருவருக்கு, தேர்ந்த கண்காணிப்பில், 800 கலோரி ஒரு நியாயமான சிகிச்சை. அதைப் பயமுறுத்தி விலக்குவதும் தவறு. நோயோடே இருப்பதிலும் ஆபத்து இருக்கிறதல்லவா? ஆனால் அந்தச் சிகிச்சையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். டைரெக்ட்டில் ஐந்தாம் ஆண்டு வரை தொடர்ந்து உதவியும் கண்காணிப்பும் பெற்ற 85 பேரில் சர்க்கரையிலிருந்து விலகியே இருந்தவர்கள் 11 பேர்.

"எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே, லேசாக, உற்சாகமாக இருக்கிறேன்" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். பட்டினியில், கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன் ஏறினால் பசி மட்டுப்படும், ஒருவித மிதப்பும் வரும். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. பித்தக்கல் பெரும்பாலும் சத்தமே போடாது. திரவப் புரதத்தில் இறந்தவர்களில் மருத்துவரிடம் போய்க்கொண்டே இருந்தவர்களும் உண்டு. ஆகவே 'டாக்டரைக் கேட்டுக்கிட்டேன்' என்பதும் தன்னளவில் கவசமாகாது. எந்த உப்பை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2025-ல் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின் இது இன்னும் கூர்மையாகிறது. ஊசி பசியை அணைத்துவிடுவதால், டயட் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நாளுக்கு நாலு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுபவர்கள் இந்த 800-க்குள் தாமாகவே விழக்கூடும்.

கடைசியில் ஒன்று, டயட் முடிகிற நாள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து திடுமென உள்ளே போனால் இன்சுலின் எழும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத்துக்கு வேண்டியது அப்போதுதான் இல்லாமல் போகும். 1969-ல் 'லான்செட்' பதிவுசெய்த ஒரு மரணம் இப்படி: இருபது வயதுப் பெண், மருத்துவமனைக் கண்காணிப்பில் 30 வாரப் பட்டினி, இறந்தது பட்டினியில் இல்லை, மறுபடி சாப்பிடத் தொடங்கிய ஏழாம் நாள். 800 கலோரி அவ்வளவு கொடிய பட்டினி இல்லைதான். ஆனாலும் டைரெக்ட்டில் பாக்கெட்டிலிருந்து சாப்பாட்டுக்குத் திரும்ப இரண்டு முதல் எட்டு வாரம் ஒதுக்கினார்கள். ஒரு ஷேக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வேளை உணவு, பழகியபின் அடுத்த வேளை என்று படிப்படியாக. இங்கே புழங்கும் இருபத்தொரு நாள் அட்டவணைகளில் இருபத்திரண்டாம் நாளுக்குக் கட்டமே கிடையாது. அன்றைக்குப் பெரும்பாலும் பிரியாணி.