கழற்றிய கேமராவைத் திரும்ப மாட்டிய ரசிகர்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு. கோந்த்வாவில் தமிழ்க் குடும்பமொன்றின் அண்ணனும் தம்பியும் விளக்கை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கின்றனர். திரையில் ஆளில்லாத போலீஸ் நிலையம்; எங்கோ காலடிச் சத்தம். "பிணம் வரட்டும்ணா, எங்கேயிருந்து வருதுன்னு காட்ட மாட்டேங்குதே!" என்று தம்பி பாயில் ஒண்டிக்கொள்கிறான்.

அப்படிக் காட்டாமலிருப்பதற்குத்தான் இத்தனை பாடு.

விளையாட்டின் பெயர் 'ரெசிடென்ட் ஈவில் 2'. ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1998-ல் வெளியிட்டது. 1996-ல் வந்த முதல் பாகத்தைப் போலவே இதிலும் கேமரா நகராது. ரயில் நிலையத்தில் மூலைக்கு மூலை பொருத்தியிருக்கும் கேமராக்களைப் போல, ஒன்றில் மறைந்த ஆள் அடுத்ததில் தெரிவான். திருப்பத்துக்கு அப்பால் நிற்பது யாரென்று அங்கே போனால்தான் தெரியும். இதற்கு வசதிக் குறைவும் ஒரு காரணம். அன்றைய பிளேஸ்டேஷன் பெட்டியின் முதன்மை நினைவகம் வெறும் 2 மெகாபைட். சுவர், மாடிப்படி எல்லாவற்றையும் நொடிக்கு நொடி வரைய அதற்குத் தெம்பில்லை. ஆகவே முன்கூட்டியே தயாரித்த படங்களை நாடகப் படுதா போலப் பின்னால் நிறுத்தி, ஆட்களை மட்டும் நடமாட விட்டனர். இல்லாமையில் பிறந்த யுக்தி பயத்துக்கு வாகாக அமைந்துவிட்டது.

2019 ஜனவரியில் கேப்காம் இதைப் புதிதாக உருவாக்கி வெளியிட்டது. படம் கண்ணாடி போல இருந்தது. ஆனால் கேமரா ஆளின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. 2005-ல் நான்காம் பாகம் தொடங்கி வைத்த வழக்கம். ஆட்டம் நன்றாக இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. பழைய ரசிகர்களுக்குத்தான் மனம் ஆறவில்லை.

அவர்களில் சிலர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, அறை அறையாகக் கோணம் குறித்து, கேமராவை மறுபடி மூலைக்கு ஏற்றினர். இத்தகைய ஒட்டுவேலைக்கு 'மாட்' என்று பெயர். லேசான வேலையல்ல. புதிய ஆட்டம் குறிபார்த்துச் சுடுவதற்கென்று வகுத்தது. மூலையிலிருந்து பார்ப்பவனுக்குக் குறி எளிதில் பிடிபடாது.

கம்பெனி ஒரு திருத்தம் செய்தால் இவர்கள் உழைப்பு அம்போ! 2022 ஜூனில் புதிய ஒளியமைப்புடன் வந்த திருத்தம் பல மாட்களை முடக்கியது. ரசிகர்கள் கூச்சலிட்ட பிறகே, வேண்டியவர் முந்தைய பதிப்பை வைத்துக்கொள்ளலாம் என்று கேப்காம் இறங்கி வந்தது.

கோந்த்வா வீட்டில், தம்பி பயந்ததால் அண்ணன் கேமராவைத் தோளுக்கு மாற்றினான். பத்து நிமிடம் ஆனது.

"பழசையே போடுண்ணா" என்றான் தம்பி.