பச்சை வெளிச்சமும் தலையிடியும்

மாலை ஆறு மணியானதும் அந்தத் தாய் தமது கொட்டில் வாசலைச் சாக்கினால் மூடிவிடுவார். குடியிருப்பின் நடுவிலுள்ள கம்பத்தில் வெள்ளை மின்விளக்கு எரியத் தொடங்கும் நேரம் அது. பிள்ளைகள் அதன் கீழ் விளையாடுவார்கள். பெண்கள் தண்ணீர்த் தாங்கியடியில் கூடுவார்கள். இவர் மட்டும் சேலைத் துண்டால் தலையை இறுகக் கட்டிக்கொண்டு இருட்டில் கிடப்பார். மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாட்கள் இப்படித்தான். அயலவரில் சிலர் வேலைக்குக் கள்ளம் என்றார்கள். வேறு சிலர் பார்வை பார்த்து நூல் கட்டச் சொன்னார்கள்.

"வெளிச்சம் கண்ணுக்குள்ளாலை போய் மண்டையிலை குத்துது பாதர். ஊரிலை எண்டால் வாழைத் தோட்டத்துக்குள்ளை போய்க் கொஞ்ச நேரம் இருந்திட்டு வருவன். இஞ்சை எங்கை போறது?" என்று அவர் எம்மிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் காதுத் தோட்டைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார். வியாபாரி ஒருவர் குடியிருப்புக்கு வந்து பச்சை விளக்கொன்றைக் காட்டியிருக்கிறார். விலை 25,000 ரூபா. பாதியை உடனே கொடுக்க வேண்டும், மீதி தவணை. முப்பது நாள் அந்த வெளிச்சத்தில் இருந்தால் தலையிடி, முழங்கால் நோவு, மனப் பயம் யாவும் போய்விடுமாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்றும் சொல்லியிருக்கிறார். தோட்டை ஈடு வைக்கலாமா என்பதே தாயின் கேள்வி.

உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. முழுப் பொய் என்று தள்ளிவிடவே முதலில் நினைத்தோம். ஆனால் தேடி வாசித்தபோதும், தெரிந்த வைத்தியர்களிடம் விசாரித்தபோதும், விடயம் அவ்வளவு இலகுவானதல்ல என்பது தெரிந்தது. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம். இதே கேள்வியோடு வேறு பல வீடுகளிலும் ஆட்கள் இருப்பார்கள் என்று நம்புகிறோம்.

முதலாவது, வெளிச்சம் குத்துகிறது என்பது கள்ளம் அல்ல. ஒற்றைத் தலையிடி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த வேளையில் வெளிச்சம் ஆகாது. ஏன் என்பதை அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ராமி பேர்ஸ்டீன் நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறார். 2010இல் அவரது குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று எம்மை வியக்கவைத்தது. ஒற்றைத் தலையிடி உள்ள 20 பார்வையற்றவர்களை அவர்கள் பரிசோதித்தனர். கண்ணை இழந்தவர்களும் கண்ணின் நரம்பு பழுதாகியவர்களுமாக, வெளிச்சமே உணராதோர் 6 பேர். அவர்களுக்கு வெளிச்சத்தால் தலையிடி கூடவில்லை. மற்ற 14 பேரும் உருவங்களைக் காணமாட்டார்கள், ஆனால் பகலா இரவா என்பதை உணர்வார்கள். இவர்களுக்கு வெளிச்சம் பட்டதும் தலையிடி கூடியது. அதாவது, பார்ப்பதற்கு உதவாமல் வெளிச்சத்தை மட்டும் உணர்கின்ற கலங்கள் கண்ணுக்குள் உள்ளன. அவற்றின் செய்தி, மூளையில் நோவைக் கடத்தும் நரம்புகள் இருக்கும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. "கண்ணுக்குள்ளாலை போய் மண்டையிலை குத்துது" என்று அந்தத் தாய் சொன்னதும் இதையே.

வெளிச்சம் எல்லாம் ஒன்றல்ல என்பதை அதே குழு 2016இல் கண்டது. தலையிடி நடந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே நோயாளரை இருட்டறையில் இருத்தி நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தனித்தனி நிறத்தில் ஒளியைக் காட்டினார்கள். ஒளி நல்ல பிரகாசமாக இருந்தபோது நூற்றுக்கு 80 பேரளவில் தலையிடி கூடிவிட்டது என்றனர். பச்சைக்கு மட்டும் அப்படி நடக்கவில்லை. எவரும் எதிர்பாராத வகையில், பச்சை ஒளி நோவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தும் இருந்தது. கண்ணிலும் மூளையிலும் எழும் மின்துடிப்புகளை அளந்தபோது, பச்சை ஒளிக்கே மிகச் சிறிய துடிப்பு எழுந்தது. இரைச்சல் நிறைந்த சந்தையில் ஒருவர் மட்டும் மெதுவாகக் கதைப்பதைப் போல என்று விளங்கிக்கொள்ளலாம்.

இதே காலத்தில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் நோவு வைத்தியரான மொஹாப் இப்ராஹிம் வேறொரு வழியால் இதே இடத்துக்கு வந்தார். அவரது சகோதரருக்கு அடிக்கடி தலையிடி. தோட்டத்தில் மரங்களுக்கிடையே போய் இருந்தால் சுகமாக இருக்கிறது என்று அவர் சொல்வாராம். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு விட்டுவிடாமல், மரத்தடியில் என்னதான் இருக்கிறது என்று இப்ராஹிம் யோசித்தார். மணமா, அமைதியா, இலையூடு வரும் பச்சை வெளிச்சமா? வாழைத் தோட்டத்தைப் பற்றி எமது தாய் சொன்னதும் இதுதானே. மரத்தடியைத் தேடிப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

இப்ராஹிமின் குழுவினர் முதலில் எலிகளைக் கொண்டு சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. எலிகளை நாளுக்கு 8 மணித்தியாலம் வீதம் 5 நாட்கள் பச்சை ஒளியில் வைத்தனர். பின்னர் காலில் வெப்பம் பட்டதும் காலை இழுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தனர். பச்சை ஒளியில் இருந்தவை கூடிய நேரம் பொறுத்தன. ஒளியை நிறுத்திய பின்னும் 4 நாட்கள் அந்தப் பலன் நின்றது. நரம்பில் காயப்பட்ட எலிகளுக்கும் நோவு தணிந்தது. ஒளி கண்ணூடாகத்தான் வேலை செய்கிறதா என்று அறிய, சில எலிகளின் கண்ணில் பச்சை நிற மெல்லிய வில்லையை ஒட்டிச் சாதாரண அறை வெளிச்சத்தில் விட்டனர், பலன் கிடைத்தது. ஒளி புகாத வில்லை ஒட்டிய எலிகளைப் பச்சை ஒளியில் விட்டபோது பலன் இல்லை. அபின் வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் மருந்தை ஏற்றியதும் பச்சை ஒளியின் பலனும் முறிந்தது. எமது உடலே நோவைத் தணிப்பதற்குச் சுரக்கும் அபின் போன்ற பொருட்களை இந்த ஒளி தூண்டுகிறது என்பதற்கு இது சான்று. 2022இல் சீனாவின் ஷங்காய் நகரிலுள்ள ஃபூடான் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளில் அந்த நரம்புப் பாதையையே தேடிக் கண்டனர்.

எலியின் கதை எமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். எலிக்கு நம்பிக்கை கிடையாது என்பதுதான் அதன் பெறுமதி. மனிதனிடம் "இது நல்ல மருந்து" என்று கொடுத்தால் சீனி உருண்டைக்கும் ஓரளவு சுகம் வரும். எலி அப்படியல்ல.

மனிதரில் செய்த சோதனைக்கு வருவோம். வழமையான மருந்துகளால் சுகம் காணாத, ஒற்றைத் தலையிடி உள்ள 29 பேரை அரிசோனாக் குழுவினர் தெரிந்தெடுத்தனர். வீட்டில், வேறு வெளிச்சம் இல்லாத அறையில், நாளுக்கு ஒன்று தொடக்கம் இரண்டு மணித்தியாலம் மங்கலான விளக்கின் அருகே இருக்க வேண்டும். விளக்கை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. வாசிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், ஆனால் தூங்கக்கூடாது, தொலைக்காட்சியும் கூடாது. முதல் 10 வாரம் வெள்ளை விளக்கு, இரண்டு வாரம் ஓய்வு, பின்னர் 10 வாரம் பச்சை விளக்கு. அடிக்கடி தலையிடி வருவோருக்கு மாதத்தில் 22 நாளளவில் இருந்த தலையிடி பச்சை விளக்கின் பின் 9 நாளளவுக்கு இறங்கியது. குறைவாக வருவோருக்கு 8 நாளளவில் இருந்தது 2 நாளளவானது. கெடுதியான பக்க விளைவு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.

வியாபாரி காட்டிய கடதாசியில் இந்த எண்கள் இருந்தன. அதில் இல்லாதவற்றையும் நாம் சொல்லத்தான் வேண்டும். 29 பேர் என்பது மிகச் சிறிய தொகை. எல்லோருக்கும் முதலில் வெள்ளை, பிறகு பச்சை. எந்த நிறம் எரிகிறது என்பது அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஒருவர் அமைதியாக இருந்தால் அந்த ஓய்வே ஒரு மருந்துதான். எமது பெண்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் பச்சை நிறத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பெரிய ஆய்வுகளே சொல்ல முடியும். முப்பது நாளில் எல்லாம் மாறும் என்று அந்த ஆராய்ச்சியாளர் எவரும் எழுதவில்லை.

பதகளிப்பைப் பற்றிய ஆய்வு இன்னும் சிந்திக்க வைப்பது. வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் பத்மா குலூரின் குழு, உடம்பு முழுவதும் தீராத நோவு உள்ள 34 பேருக்கு மூக்குக்கண்ணாடி கொடுத்தது. சிலருக்குப் பச்சை, சிலருக்கு நீலம், சிலருக்கு நிறமற்றது. நாளுக்கு 4 மணித்தியாலம் வீதம் இரண்டு வாரம் அணிந்தார்கள். 2022இல் முடிவு சொன்னபோது, பச்சைக் கண்ணாடி அணிந்தோரில் பதகளிப்புக் குறைவதற்கான வாய்ப்பு மற்றவர்களிலும் பார்க்க நான்கு மடங்காக இருந்தது. ஆனால் நோவின் அளவு குறையவில்லை.

நோவு அப்படியே இருக்க, பயம் மட்டும் குறைவது எப்படி? நீண்டகாலம் நோவோடு வாழ்பவர்களுக்கு இது விளங்கும். இன்றைய நோவு ஒரு பங்கு. நாளைக்கும் வருமோ, நாற்று நடுகிற நாளில் வருமோ, பிள்ளைக்குச் சமைக்க எழும்ப முடியாமற் போகுமோ என்ற ஏக்கம் மற்றப் பங்கு. இந்த ஏக்கம் கூடக் கூட மாத்திரைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. வீட்டையும் வயலையும் விட்டு ஓடி வந்தவர்களுக்கு ஏக்கம் ஏற்கனவே நிரம்பிக் கிடக்கிறது. நோவு அதன்மேல் வந்து இருக்கிறது. ஆயினும் இந்த ஆய்வு போரைக் கண்டவர்களைப் பற்றியதல்ல. இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவர், ஆட்களைக் காண விரும்பாமல் ஒதுங்குகிறவர், உயிரை மாய்க்க நினைக்கிறவர் ஆகியோருக்குக் கண்ணாடியும் விளக்கும் வைத்தியமாகா. அவர்களை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். கூடப் போக ஆளில்லாவிட்டால் எம்மிடம் சொல்லுங்கள், நாம் வருகிறோம்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இவ்வளவே. தோடு காதிலேயே இருக்கட்டும். முதலில் கிளினிக்குக்குப் போய்ப் பெரிய வைத்தியரைக் காணுங்கள். எல்லாத் தலையிடியும் ஒற்றைத் தலையிடி அல்ல. திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஒரு பக்கக் கைகால் சோர்வது, பேச்சுக் குழறுவது, தலையில் அடிபட்ட பின் வருவது: இவற்றுக்கு ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிக்குத் தலையிடியோடு கண் மங்கினாலோ முகம், கை வீங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வயோதிபருக்குக் கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் அது கண்ணின் அழுத்தமாக இருக்கலாம். தோட்டத்துக்கு மருந்தடித்து வந்தவருக்குத் தலையிடியோடு வியர்வை, வாயூறல், சத்தி வந்தால் அது நஞ்சு.

பனடோல் பற்றியும் ஒரு சொல். மாதத்தில் 15 நாளுக்கு மேல், மாதக்கணக்காக அதை விழுங்கினால் அதுவே தலையிடியை வளர்க்கும். இந்தத் தாய் ஒரு நாளைக்கு ஆறு போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் எண்ணிக் கொடுத்தார். ஏன் என்று கேட்க எவரும் இருக்கவில்லை.

இவற்றுக்குப் பின் பச்சை வெளிச்சத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் தடையில்லை, ஆனால் 25,000 ரூபா அதற்குத் தேவையில்லை. எல்.ஈ.டி. வகைப் பச்சை மின்குமிழ் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். சாதாரண மின்குமிழுக்குப் பச்சை வர்ணம் பூசியதோ, வெள்ளை விளக்கில் பச்சைக் கடதாசி சுற்றியதோ அதற்குச் சமனல்ல; மற்ற நிறங்களும் அவற்றினூடு வந்துவிடும். வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும். தலையிடி கூடினால் அணைத்துவிட வேண்டும். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது. முக்கியமாக, தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாட்காட்டியில் தலையிடி வந்த நாளுக்கு வட்டம் போட்டு வர வேண்டும். அப்படி எண்ணி வராதவருக்கு, குறைந்ததா இல்லையா என்பது நினைவை வைத்துச் சொல்லும் கதையாகிவிடும்.

அவர் கிளினிக்குக்குப் போனார். ஒற்றைத் தலையிடிதான் என்று வைத்தியர் உறுதிசெய்து, தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தொன்றைத் தந்தார். பனடோலைக் குறைக்கச் சொன்னார். பிறகு மகன் பட்டினத்திலிருந்து ஒரு பச்சை மின்குமிழ் வாங்கி வந்து கொட்டிலில் மாட்டினான். சென்ற முறை போனபோது நாட்காட்டியைக் காட்டினார். முதல் மாதம் 11 வட்டம், அடுத்த மாதம் 8. மருந்தாலா, விளக்காலா, மழை தொடங்கித் தகரத்தின் வெக்கை குறைந்ததாலா என்று எம்மாலும் சொல்ல முடியவில்லை, அவராலும் சொல்ல முடியவில்லை. சாக்கு இன்னும் வாசலில் தொங்குகிறது. பச்சை வெளிச்சத்தில் கொப்பியின் எழுத்துத் தெரியவில்லை என்று மகனுக்குக் கோபம். அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கம்பத்தடிக்குப் போய்விடுகிறான்.