எடை குறைப்பு அறுவை சிகிச்சை: முன்பு என்ன சாப்பிடணும், பின்பு என்ன சாப்பிடணும்? கஞ்சியும் இட்லியும் ஏன் போதாது?

ஆபீஸில் லீவ் சொல்லியாச்சு. இன்சூரன்ஸ் பேப்பர் ரெடி. மருத்துவமனையில் தேதியும் வாங்கியாச்சு. எடை குறைப்புக்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கும் பலரும் இதையெல்லாம் சரியாகத் திட்டமிடுகிறார்கள். ஆனால் வீட்டுச் சமையலறையில் என்னென்ன மாற வேண்டும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பான இரண்டு வார உணவும், அதற்குப் பின்பான இரண்டு மாத உணவும், ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய சத்து மாத்திரைகளும்தான் அதன் பலனைத் தீர்மானிக்கின்றன. இந்த உணவு முறையில் எதை ஏன் செய்யச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம்.

இது எத்தனை பேருக்கான பிரச்னை?

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 24 சதவீதம் பேரும் ஆண்களில் 22.9 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம்.

இவர்கள் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. அதை முடிவு செய்ய மருத்துவர்கள் முதலில் பார்ப்பது பிஎம்ஐ. உங்கள் எடையை (கிலோவில்) உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது இது.

சர்வதேச பேரியாட்ரிக் மருத்துவர் சங்கங்கள் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு, வேறு நோய் இல்லாவிட்டாலும், இந்த சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு எல்லை இன்னும் குறைவு: 27.5.

ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசி வேறு கணக்கு வைத்திருக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விதிப்படி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை நோய், தீவிரமான தூக்கத்தில் மூச்சுத் திணறல், இதய நோய் போன்ற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

165 செ.மீ. உயரமும் 95 கிலோ எடையும் கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது பிஎம்ஐ 34.9. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆனால் அந்த 0.1 புள்ளிக்காக இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். அதனால் தேதி வாங்கும் முன்பே பாலிசியை முழுசாகப் படித்துவிடுங்கள்.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு வகை. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் ஒரு சின்னப் பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள்.

இரண்டிலும் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் மாறுகின்றன. பலருக்கு ஆரம்ப மாதங்களில் பசியே எடுக்காது. எடை குறைய இது உதவும். ஆனால் பசிக்கவில்லையே என்று சாப்பிடாமல் இருந்துவிட்டால் சத்துக் குறைபாடு வந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முன் எதற்கு டயட்?

"எப்படியும் ஆபரேஷன் பண்ணப் போறாங்க, இப்ப எதுக்கு டயட்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் கல்லீரலில் இருக்கிறது.

கல்லீரலின் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் படிந்திருக்கும். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கொழுப்பு சேர்ந்து அது பெரிதாகியிருக்கும். லேப்ராஸ்கோபி முறையில் சின்னத் துளைகள் வழியாகத்தான் ஆபரேஷன் நடக்கிறது. கல்லீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையே தெரியும். பெரிய, கனமான கல்லீரல் என்றால் வேலை கடினமாகும், ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

மாவுச்சத்தையும் கலோரியையும் குறைத்தால், கல்லீரலில் சேமித்து வைத்த கிளைகோஜனும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் முதலில் கரையும். பிறகு கொழுப்பும் குறையும். இதற்காகத்தான் சுமார் இரண்டு வாரத்துக்கு, சிலருக்கு நான்கு வாரம் வரை, ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 கலோரி கொண்ட, புரதம் அதிகமான உணவைக் கொடுக்கிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்?

- காலை: முட்டை அல்லது முளைகட்டிய பயறு, சர்க்கரை இல்லாத காபி
- மதியம்: ஒரு சப்பாத்தி அல்லது ஒரு சின்னக் கரண்டி சோறு, நிறைய காய், கெட்டியான பருப்பு, தயிர் அல்லது மீன்
- இரவு: சூப், அதிக எண்ணெய் இல்லாமல் வாட்டிய பனீர் அல்லது கோழி

இனிப்பு, பொரித்தது, ஜூஸ், குளிர்பானம், மது எதுவும் கிடையாது. புகைபிடிப்பவர்கள் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "இனிமே சாப்பிட முடியாதே, கடைசியா ஒரு தடவை" என்று பிரியாணி, பரோட்டா, ஐஸ்கிரீம் என வழியனுப்பு விழா நடத்துவார்கள். குறைய வேண்டிய கல்லீரல் குறையாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த டயட்டைத் தாங்களாகவே ஆரம்பிக்கக் கூடாது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். சில வகை மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எடை குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த ஊசியால் உணவு வயிற்றில் அதிக நேரம் தங்கும்.

குண்டாக இருந்தாலும் சத்துக் குறைவா?

ஆமாம், சாத்தியம்தான். அதே குடும்ப நல ஆய்வில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. எடை கூடுதலாக இருப்பதற்கும் இரும்புச்சத்து போதுமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சத்து உறிஞ்சப்படுவது இன்னும் குறையும். ஆகவே ஹீமோகுளோபின், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி அளவுகளை முன்கூட்டியே பரிசோதித்து, குறை இருந்தால் சரிசெய்துவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின்: வாரம் வாரமாக

மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும். பொதுவான வரிசை இதுதான்:

- முதல் 1-2 நாள், தெளிந்த திரவம்: தண்ணீர், வடிகட்டிய சூப், காரமில்லாத மெல்லிய ரசம். மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடி அளவுக்கு, ஒவ்வொரு மிடறாக.
- இரண்டு வாரம் வரை, முழுத் திரவம்: பால், மோர், புரதப் பவுடர் கலந்த பானம், மசித்து வடிகட்டிய பருப்பு.
- 3, 4 வாரங்களில், கூழ் மாதிரி: மிக்சியில் அரைத்த பருப்பு, தயிர், மசித்த முட்டை, மசித்த மீன்.
- 5, 6 வாரங்களில், மென்மையான உணவு: ஆம்லெட், உதிர்த்த பனீர், குழைய வெந்த காய், முள் நீக்கிய மீன்.
- அதன் பிறகு, வழக்கமான உணவு. அளவு மட்டும் பழையதில் ஒரு சின்னப் பங்கு.

வெட்டித் தைத்த இடம் ஆற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படிகள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பத்தாவது நாளே தோசை சாப்பிட்டால் வலி, வாந்தி என்று தையலுக்குச் சிரமம் கொடுப்பதாகிவிடும்.

60 கிராம் கணக்கு

நம் வீடுகளில் உடம்பு சரியில்லாதவருக்கு என்ன கொடுப்போம்? கஞ்சி, இட்லி, இடியாப்பம், ரசம் சாதம். வட இந்தியாவில் என்றால் கிச்சடி. எல்லாமே மென்மையானவை, எளிதில் செரிப்பவை. அதனால் ஆபரேஷன் ஆனவருக்கும் அம்மாவோ மாமியாரோ அன்போடு அதைத்தான் கொடுப்பார்கள்.

பிரச்னை என்னவென்றால், இவற்றில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஆபரேஷனுக்குப் பிறகு உடலுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், களைப்பு வரும், முடி அதிகம் கொட்டும். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். இட்லியிலேயே 60 கிராமை எட்ட 30 இட்லி வேண்டும். உங்களால் ஒரு வேளைக்கு ஒன்றைச் சாப்பிட முடிந்தாலே பெரிய விஷயம்.

ஆறாவது வாரத்தில் ஒரு நாள் உணவைக் கூட்டிப் பார்ப்போம். 2 முட்டை (12 கிராம்), 200 மி.லி. பால் (6), 100 கிராம் தயிர் (3), 50 கிராம் பனீர் (9), ஒரு சின்னக் கிண்ணம் கெட்டிப் பருப்பு (6), 50 கிராம் மீன் (10). மொத்தம் 46 கிராம். இன்னும் 14 கிராம் பாக்கி.

முட்டையும் மீனும் சாப்பிடாதவர் என்றால் கிடைப்பது 24 கிராம்தான். ஆகவேதான் புரதப் பவுடரை டயட்டீஷியன்கள் வலியுறுத்துகிறார்கள். சைவர்களுக்கு சோயாவும் கைகொடுக்கும். 25 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் சுமார் 13 கிராம் புரதம் இருக்கிறது.

இதற்கு ஒரு எளிய விதி உண்டு. தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் மட்டும் சோறோ சப்பாத்தியோ. முதலில் சோற்றைப் போட்டு, அதன் மேல் குழம்பை ஊற்றும் நம் பழக்கத்தை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்கவும் டைம்டேபிளா?

ஆமாம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவமாவது உள்ளே போக வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாது. சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் தண்ணீர் வேண்டாம் என்பார்கள். எனவே பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிப்பதுதான் வழி. சோடா, கோலா போன்றவை வயிற்றை உப்ப வைக்கும், தவிர்த்துவிடுங்கள்.

இனிப்பு விஷயத்தில், குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள், கவனமாக இருக்க வேண்டும். ஒரு ஜிலேபியோ பாயசமோ வேகமாகக் குடலில் இறங்கினால், அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இதை 'டம்பிங்' என்கிறார்கள். சிலருக்கு 1-3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கி மயக்கம் வரும்.

மாத்திரை எவ்வளவு காலம்?

ஆயுள் முழுக்க. மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, ஒரு நாளைக்கு 1,200-1,500 மி.கி. கால்சியம் (உணவையும் சேர்த்து) ஆகியவை பட்டியலில் இருக்கும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது.

மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கும் நடப்பதுதான். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை முழுமையாக வேலை செய்யாமல் போகலாம். வேறு வழிகளை மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காய்ச்சல், வேகமான இதயத் துடிப்பு, கடுமையான வயிற்றுவலி, மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காதீர்கள். தையல் கசிவு அல்லது ரத்தக்கட்டின் அறிகுறியாக இருக்கலாம்.

வாந்தியையும் "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். தொடர் வாந்தியால் சில வாரங்களிலேயே பி1, அதாவது தையமின், தீர்ந்துபோகலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனவர் என்பதை முதலில் சொல்லுங்கள். தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம்.

ஆபீஸ், கல்யாணம், பார்ட்டி

வீட்டைவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். மீட்டிங் நடுவே பத்து நிமிஷத்தில் லஞ்சை முடிக்கும் பழக்கம் இனி உதவாது. ஒரு சின்னக் கிண்ணத்துக்கே 20-30 நிமிடம் வேண்டும், நன்றாக மென்று. காலண்டரில் அந்த நேரத்தை பிளாக் செய்துவிடுங்கள்.

கல்யாண வீட்டில் "ஒரு வாய்தானே" என்று பரிமாறுபவர்களிடம், "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார்" என்ற ஒரு வரி போதும். ஆபரேஷனைப் பற்றி எல்லோருக்கும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். பழைய அளவு இப்போது பொருந்தாது. தலைவலிக்கு, முட்டிவலிக்கு என்று கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போடுவதும், குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, வயிற்றுப்புண்ணில் கொண்டுபோய் விடலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

- பேக்கேஜில் டயட்டீஷியன் ஆலோசனை எத்தனை மாதத்துக்கு உண்டு?
- புரதப் பவுடர், சத்து மாத்திரை, ரத்தப் பரிசோதனைக்கு வருடத்துக்கு எவ்வளவு செலவாகும்?
- நள்ளிரவில் வாந்தி வந்தால் யாருக்கு போன் செய்வது?
- வேறு ஊருக்கு மாற்றலானால் ஃபாலோ-அப் எப்படி?

கூடவே, வீட்டில் சமைப்பவரையும் டயட்டீஷியனைப் பார்க்க ஒருமுறை அழைத்துப் போங்கள். கஞ்சிக்குப் பதில் கெட்டிப் பருப்பு ஏன் என்பது அவருக்கும் புரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற அளவுகளை உங்கள் மருத்துவரும் டயட்டீஷியனுமே முடிவு செய்ய வேண்டும்.)