மாதம் எவ்வளவு?

1950-ல் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் 27 சென்ட். ஒரு பவுண்டு ரொட்டி 14 சென்ட். ஒரு டஜன் முட்டை 60 சென்ட். கடிதத்துக்கு ஒட்டும் தபால் தலை 3 சென்ட். இப்படி ஒரு பட்டியல் கண்ணில் பட்டால் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. ஆனால் அதே ஆண்டில் சராசரிக் குடும்பம் ஒன்றின் வருமானம் சுமார் 3,300 டாலர்தான். வாரத்துக்கு அறுபது டாலர் சொச்சம். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஒரு டஜன் முட்டை வாங்க அந்தக் கூலியாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. மலிவு என்று நாம் நினைப்பதில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

பட்டியலில் ஏறாத இன்னொரு சங்கதியும் உண்டு. என் பார்வையில் அதுதான் பெரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விலை ஏறியதைக் காட்டிலும், விலை கேட்கும் விதம் மாறியது. ‘என்ன விலை?’ என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் போனவர்கள், ‘மாதம் எவ்வளவு?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

முதலில் ஐந்து சென்ட் நாணயத்தின் கதை. ‘நிக்கல்’ என்று அழைக்கப்பட்ட அந்தக் காசு சட்டைப் பையில் இருந்தால் நகரத்தில் பாதிக் காரியம் நடந்துவிடும். நியூயார்க் சுரங்க ரயில் 1904-ல் ஓடத் தொடங்கியபோது கட்டணம் 5 சென்ட். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின, நடுவில் பெருமந்தம் வந்து போனது, கட்டணம் அசையவில்லை. 1948 ஜூலையில்தான் அது 10 சென்ட் ஆயிற்று. பொதுத் தொலைபேசியில் ஓர் உள்ளூர் அழைப்பு, ஒரு பாட்டில் குளிர்பானம், ஒரு கோப்பை காபி எல்லாவற்றுக்கும் அதே ஒற்றைக் காசு போதுமாக இருந்தது.

முதலாளிகள் யாரும் தயவு பார்த்து விலையை நிறுத்தி வைக்கவில்லை. இயந்திரம் நிறுத்தி வைத்தது. குளிர்பானம் விற்கும் பெட்டியின் துளை நிக்கலுக்காகவே செய்யப்பட்டது. விலையை ஏற்ற வேண்டுமானால் அடுத்த காசு பத்து சென்ட். ஒரே இரவில் இரண்டு மடங்கு. சர்க்கரை விலை ஏறி, பாட்டில் விலை ஏறி, வேறு வழி தெரியாத ஒரு குளிர்பான நிறுவனம், ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடித்துத் தரும்படி அரசின் கருவூலத்தையே கேட்டுப் பார்த்தது. கிடைக்கவில்லை. நியூயார்க்கின் தானியங்கி உணவகங்களில், காசைப் போட்டால் குழாயிலிருந்து விழுந்த காபி 1950-ல் ஐந்து சென்ட்டிலிருந்து நேராகப் பத்துக்குத் தாவியது. சுரங்க ரயில் கட்டணம் 1953-ல் 15 சென்ட் ஆனபோது அதற்கு ஒற்றை நாணயமே இல்லை. அதற்கென்றே டோக்கன் அடித்தார்கள்.

ஏறியதற்காக நான் வருந்தவில்லை. ஏறாமல் ஒரு பொருளாதாரம் ஓடாது. அந்த நிக்கல் விலையில் ஒரு நேர்மை இருந்தது என்பதே என் வாதம். துறைமுகக் கூலியும் பங்குச் சந்தைக்காரரும் ஒரே துளையில் ஒரே காசைப் போட்டார்கள். விலை ஊரறிய எழுதப்பட்டிருந்தது. கொடுத்த கணத்தோடு கணக்கும் முடிந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் 1947-ல் எழத் தொடங்கியது லெவிட்டவுன். தச்சர் ஒரு குழு, பெயின்டர் ஒரு குழு, ஓடு போடுபவர் ஒரு குழு என்று வீடு வீடாக நகர்ந்து வேலை செய்ததில், 1951-க்குள் அங்கே 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 1949-ல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். போரிலிருந்து திரும்பிய வீரர் முன்பணமாக ஒரு காசும் கட்ட வேண்டாம். மாதம் 60 டாலருக்கும் குறைவு. நகரத்தில் மாமனார் வீட்டு ஒண்டுக்குடித்தனத்தில் கைக்குழந்தையோடு இருந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. அடுப்பு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வீட்டோடு வந்தன.

1950-ல் வந்த புதிய மாதிரியில் இன்னும் ஒன்று சேர்ந்தது. சுவரிலேயே பதித்த டி.வி. பெட்டி. சுவரில் பதித்ததால் அது வீட்டின் ஓர் அங்கம். ஆகவே அதன் விலையும் வீட்டுக் கடனுக்குள் அடங்கிவிட்டது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அன்றைய டி.வி. பெட்டியின் ஆயுள் ஐந்தாண்டு, மிஞ்சினால் பத்தாண்டு. கடன் இருபத்தைந்து, முப்பது ஆண்டு. பெட்டி பழுதாகிப் பரணுக்குப் போய், அதற்குப் பின் வந்ததும் போய், மகன் கல்லூரிக்குச் சென்ற பிறகும் அந்த முதல் பெட்டிக்கு வட்டி போய்க்கொண்டே இருக்கும். அது எவ்வளவு விலை என்று அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

டி.வி. வீடுகளுக்குள் பரவிய வேகம் இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. 1950-ல் நூற்றுக்கு ஒன்பது வீடுகளில் இருந்தது, 1960-ல் எண்பத்தேழு வீடுகளில். சினிமா கொட்டகைகள் அடி வாங்கின. 1946-ல் வாரத்துக்கு ஒன்பது கோடியாக இருந்த பார்வையாளர் கூட்டம் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. 1953 ஜனவரி 19 இரவு ‘ஐ லவ் லூசி’ தொடரில் கதாநாயகிக்குக் குழந்தை பிறந்ததைப் பார்த்தவர்கள் சுமார் நாலரைக் கோடி. மறுநாள் புதிய அதிபர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

எனக்குப் பிடித்த தொடர் வேறு. 1955 அக்டோபரில் தொடங்கிய ‘தி ஹனிமூனர்ஸ்’. புரூக்ளினில் வாரம் 62 டாலர் சம்பளம் வாங்கும் ஒரு பஸ் ஓட்டுநரின் வீடு. மேசை, நாற்காலி, பழைய ஐஸ் பெட்டி, அவ்வளவுதான். மேலே சொன்ன சராசரி வருமானத்தை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த 62 டாலர் எவ்வளவு உண்மையான எண் என்பது புரியும். அந்தக் காலத் தொடர்களில் வேறெங்கு பார்த்தாலும் பளபளக்கும் சமையலறைகள். இங்கே மட்டும் வெறும் சுவர். முதல் கதையே டி.வி. இல்லையே என்று மனைவி குமுறுவதும், கணவன் மாடி வீட்டு நண்பனோடு பாதிப் பாதி போட்டு ஒரு பெட்டி வாங்குவதும்தான். சிரிக்கச் சிரிக்கப் பார்த்த பல வீடுகளில் அந்தப் பெட்டியே தவணையில் வந்ததாக இருந்திருக்கும். நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்த விளம்பரங்கள் அடுத்த பொருளுக்கு ஆசை மூட்டின. 64,000 டாலர் பரிசு என்று 1955-ல் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியதும் நாடே அதன் முன் உட்கார்ந்ததில் என்ன ஆச்சரியம்? பின்னால் அப்படிப்பட்ட சில நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்று அம்பலமானது, 1960-ல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது என்பது தனிக் கதை.

தவணை ஒன்றும் புதிதல்ல. தையல் இயந்திரமும் பியானோவும் எப்போதோ தவணையில் விற்றவைதான். இப்போது அது வாழ்க்கை முறையானது. கொரியப் போர் மூண்டதும் தவணைக் கடனுக்கு அரசு கடிவாளம் போட்டிருந்தது. கார் வாங்க மூன்றில் ஒரு பங்கை ரொக்கமாக வைக்க வேண்டும். 1952 மே மாதம் அது நீங்கியது. முன்பணம் குறைந்தது, தவணை இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என நீண்டது. 1955-ல் நாட்டில் தயாரான கார்கள் ஏறத்தாழ 79 லட்சம். அந்தக் கார்களின் உண்மை விலை என்ன? விற்பவர் வாயில் வந்ததுதான் விலை. புதிய காரின் கண்ணாடியில் அதன் விலையை எழுதி ஒட்டியாக வேண்டும் என்று 1958-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. விலையை எழுதி வைக்க ஒரு சட்டம்! ஐந்து சென்ட் பெட்டியின் காலத்தில் யாரும் கனவிலும் நினைத்திராத தேவை.

வட்டிக் கணக்கு இன்னும் மறைவாக இருந்தது. நூறு டாலர் கடன், ஆறு சதவீத வட்டி என்பார்கள். 106 டாலரைப் பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசலும் கரைகிறதே. ஆறாம் மாதம் கையில் இருக்கும் கடன் பாதிதான், வட்டி மட்டும் முழு நூறுக்கு. சரியாகக் கணக்குப் போட்டால் அது பதினோரு சதவீதத்தை ஒட்டி வரும். பள்ளிப் படிப்பை முடித்துத் தொழிற்சாலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கை யார் சொன்னார்கள்? அவர்கள் கைக்கு வந்தது ஒரு கூப்பன் புத்தகம். மாதம் ஒரு தாளைக் கிழித்துப் பணத்தோடு அனுப்ப வேண்டியதுதான். தவறினால் வீட்டு வாசலில் நிற்கும் கார் இரவோடு இரவாகப் போய்விடும். நீதிமன்ற உத்தரவோடு சம்பளத்திலேயே பிடித்தமும் நடக்கும். 1945-ல் சுமார் 570 கோடி டாலராக இருந்த நுகர்வோர் கடன் 1960-ல் 5,600 கோடி டாலரைத் தொட்டது.

கடன் இல்லாவிட்டால் உழைக்கும் வர்க்கம் வீடும் காரும் கண்டிருக்காது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்த வசதியும் எல்லோருக்கும் வாய்க்கவில்லையே. லெவிட்டவுனின் தொடக்க காலக் குத்தகைப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதோர் அங்கே வசிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். சிகாகோவின் மேற்குப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காது. அவர்கள் வாழும் தெருக்களில் அரசின் கடன் உத்தரவாதமும் செல்லாது. தரகர்கள் வெள்ளையர்களைப் பயமுறுத்தி வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பினத்தவருக்கு இரண்டு மடங்குக்கு ஒப்பந்தத்தில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் கைக்கு வராது. ஒரே ஒரு மாதம் தவறினால், அதுவரை கட்டியது அத்தனையும் போய், குடும்பம் தெருவில் நிற்க வேண்டும். இரண்டு வேலை பார்த்து, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிக் கட்டியவர்கள் அவர்கள். அதே ‘மாதம் எவ்வளவு?’ என்ற கேள்விதான். பதிலாகக் கிடைத்ததோ வேறு.

1958 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஒரு வங்கி, யாரும் கேட்காமலே சுமார் 60,000 கடன் அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. விண்ணப்பம் இல்லை, விசாரணை இல்லை. தபால்காரர் கொண்டுவந்து போட்டதே கடன் வாங்க அனுமதி. கலிபோர்னியாவின் மற்ற நகரங்களுக்கும் இது பரவியபோது, ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட கணக்குகள் பாக்கி விழுந்தன.

அடுத்த ஆண்டு ஜூலையில் மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி. 14,000 டாலர் மதிப்புள்ள ஒரு மாதிரி வீட்டின் சமையலறையில் நின்று அமெரிக்கத் துணை அதிபரும் சோவியத் தலைவரும் வாதாடினார்கள். இந்த வீட்டை எங்கள் எஃகுத் தொழிலாளி எவரும் வாங்க முடியும், மணிக்கு மூன்று டாலர் சம்பாதிக்கிறார், மாதம் நூறு டாலர் வீதம் இருபத்தைந்து, முப்பது ஆண்டில் கட்டி முடித்துவிடலாம் என்ற பொருளில் பேசினார் துணை அதிபர். கண்காட்சியில் அவர்களிடையே நடந்த வாக்குவாதத்தின் வண்ண வீடியோப் பதிவு மறுநாள் அமெரிக்க வீடுகளில் ஓடியது. ஒரு வல்லரசு தன் பெருமையை உலகத்தின் முன் எடுத்து வைக்கும்போதும் மாதத் தவணையில்தான் எடுத்து வைத்தது.

அந்த நேரத்தில் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். துணை அதிபரே அதை அங்கே குறிப்பிட்டார். ஜூலை 15 அன்று தொடங்கியது, ஐந்து லட்சம் பேர், 116 நாள். சம்பளம் இல்லாத அந்த நான்கு மாதங்களிலும் கூப்பன் புத்தகத்தின் தேதிகள் தள்ளி நிற்கவில்லை. டி.வி.யில் மாலைச் செய்தி அப்போது பதினைந்து நிமிடம்தான். 1963-ல்தான் அரை மணி ஆனது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் எஃகு உற்பத்தி எத்தனை டன் குறைந்தது என்பதைச் சொல்ல நேரம் இருந்திருக்கலாம். அந்தக் குடும்பங்களின் தவணை என்னவாயிற்று என்று விசாரிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

கடனின் உண்மையான வட்டி விகிதத்தைப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்ற மசோதா 1960-ல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு வந்தது. சட்டமாக எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1968-ல் வந்த அந்தச் சட்டம் சம்பளப் பிடித்தத்துக்கும் ஓர் எல்லை வகுத்தது. கேட்காமல் கடன் அட்டை அனுப்பக் கூடாது என்ற தடை 1970-ல் வந்தது. கணவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண் தன் பெயரில் கடன் பெறும் உரிமைக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிகாகோவின் ஒப்பந்த வீட்டுக்காரர்கள் அறுபதுகளின் கடைசியில் ஒன்றுதிரண்டு தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். சிலருக்கு ஒப்பந்தம் திருத்தப்பட்டு வீடு மிஞ்சியது. பலருக்கு மிஞ்சவில்லை.