குறைமாசக் கன்னு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால், தொழுவத்தில் மாடு கன்னு ஈன்றிருக்கிறது. நேயர்களே, அது குறைமாசக் கன்னா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது மாதமும் பத்து நாளும். சினை ஊசி போட்ட தேதி ஞாபகம் இல்லையா? கன்னின் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். நாள் நிறைந்த கன்னுக்கு முன்பற்கள் பெரும்பாலும் வெளியே தெரியும். குறைமாசக் கன்னுக்கு அவை இன்னும் ஈறுக்குள்ளேயே இருக்கும். முடியும் கட்டையாக, பட்டுப்போல மெலிசாக இருக்கும்.

அடுத்து, கையைச் சுத்தமாகக் கழுவி, ஒரு விரலை அதன் வாயில் வையுங்கள். பிடித்து இழுத்துச் சப்பினால் நல்லது, உடனே சீம்பாலைக் கொடுத்துவிடலாம். சப்பவில்லை என்றால், தயவுசெய்து சொம்பில் எடுத்து வாயில் ஊற்றாதீர்கள். புரையேறி, பால் நுரையீரலுக்குள் போய்விடும். நல்லெண்ணத்தோடு ஊற்றிய பாலே கன்னின் உயிரை வாங்கிவிடலாம். கால்நடை மருத்துவர் குழாய் வழியாக நேராக வயிற்றுக்குள் செலுத்துவார். அதுவரை சாக்கால் நன்றாகத் துவட்டி, காய்ந்த வைக்கோலில் காற்றுப் படாமல் படுக்க வையுங்கள்.

சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்னின் உடம்பில் சேருவது பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான். அதனால் தாமதிக்காமல், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்குப் பேசுங்கள். எண், பத்தொன்பது அறுபத்திரண்டு.