லேப்டாப் நாடோடிகள்: இதெல்லாம் தெரியுமா?

ஊர் ஊராகச் சுற்றியபடியே கணினியில் வேலை பார்ப்பவர்கள்தான் டிஜிட்டல் நாடோடிகள். உலகின் முதல் டிஜிட்டல் நாடோடிகளில் ஒருவர் சைக்கிளில் கிளம்பியவர் என்பது தெரியுமா? 1983-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து புறப்பட்டார் ஸ்டீவ் ராபர்ட்ஸ். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் வண்டி, பெயர் வின்னிபைக்கோ. துணைக்கு ஒரு டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினி. அதன் திரையில் தெரிவது மொத்தமே 8 வரி, வரிக்கு 40 எழுத்து! வழியில் கட்டுரை எழுதுவார், தொலைபேசி கிடைத்த இடத்தில் நிறுத்தி அதன் வழியாகவே அனுப்பிவைப்பார். அந்த முதல் பயணம் மட்டுமே ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். அத்தோடு ஓய்ந்தாரா? அடுத்த வண்டியின் கைப்பிடியிலேயே விசைகளைப் பொருத்தி, மிதித்தபடியே தட்டச்சு செய்தார்! மூன்றாவது வண்டி பெஹிமத், எடை 260 கிலோ. வைஃபை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இத்தனையும்!

இந்த வாழ்க்கைக்கென்று தனி விசா வந்தது எப்போது தெரியுமா? முன்னோடிகளில் ஒன்றான குட்டி நாடு எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் கொண்டுவந்தது. இன்று ஜப்பானும் தருகிறது. ஆனால் ஆண்டு வருமானம் 1 கோடி யென் இருக்க வேண்டும். ஆறே மாதம்தான் தங்கலாம், நீட்டிக்க முடியாது. ஐரோப்பாவில் சுற்றுலா விசாவில் நாடு விட்டு நாடு தாவினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஷெங்கன் பகுதியின் 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு: 180 நாளில் 90 நாள், அவ்வளவுதான்!

நாடோடிகள் விரும்பித் தங்கும் பாலித் தீவில் ஆண்டுக்கு ஒரு நாள் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள் தெரியுமா? சக வருடப் பிறப்பான நியெபி நாள் அது. காலை 6 மணி தொடங்கி மறுநாள் காலை 6 மணி வரை விளக்கு கூடாது, வேலை கூடாது, வெளியே நடமாடக் கூடாது. பெச்சலாங் என்னும் ஊர்க்காவலர்கள் தெருத்தெருவாகச் சுற்றிவந்து கண்காணிப்பார்கள். 2018-லிருந்து செல்போன் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். "நாளைக்கே முடித்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்தவர் கதி என்ன! அந்த ஒரு நாளுக்காகத் தீவே அடங்கியிருப்பது எனக்குப் பேரதிசயமாகப் படுகிறது.

மற்ற நாட்களில் கடிகாரம் படுத்தும். கோடையில் நியூயார்க் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது பாலியில் இரவு 9 மணி. கடற்கரை, தென்னை மரம் எல்லாம் படத்தில் அழகுதான். மீட்டிங் முடிவதோ நள்ளிரவில்!

தாய்லாந்தின் சியாங் மாய் நகரம் நாடோடிகளின் செல்ல ஊர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை சூழ்ந்து, அங்கே மூச்சுவிடுவதே பாடு. பலர் அந்த மாதங்களில் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அப்படிக் கிளம்ப முடியுமா? எந்த ஊரானாலும் வாடகை உயர்வும் உள்ளூர்க்காரர்கள் தலையில்தான் விடிகிறது. வெளிநாட்டார் வரவால் வாடகை எகிறுகிறது என்று 2025 ஜூலையில் மெக்சிகோ நகர மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

இன்னொன்று: ஒரே நாட்டில் ஆண்டுக்கு 183 நாள் தங்கினால், பல நாடுகளில் நீங்கள் அங்கேயே வருமான வரி கட்ட வேண்டியவராகிவிடுவீர்கள்!

கிளம்பும் ஆசை இருக்கிறதா? தாராளமாகக் கிளம்புங்கள். டிக்கெட் போடும் முன் இரண்டே இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கையிலுள்ள விசா வேலை பார்க்க அனுமதிக்கிறதா? அந்த நாட்டிலிருந்து வேலை பார்க்க உங்கள் கம்பெனி எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறதா?